வருடக்கணக்கில் நிற்கும் பூச்செடிகளில் விதை எடுப்பதும் முளைக்க வைப்பதும்

மாடிக்கொடி (திருச்சி)

நித்தியகல்யாணி, சங்குப்பூ, கனகாம்பரம், அந்திமந்தாரை, கல்வாழை. ஒருமுறை வைத்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கிற செடிகள். அந்தத் தைரியத்தில்தான் பலர் இவற்றில் விதை எடுத்து வைப்பதில்லை. காசித்தும்பை, ஜின்னியா போட்டவர்கள் அடுத்த போகத்துக்கு வேண்டும் என்று மறக்காமல் எடுத்து வைக்கிறார்கள். கனகாம்பரம் வைத்தவர்கள் கதிர் காய்ந்ததும் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் ஐப்பசி மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகி, வருடக்கணக்காக நின்ற செடி ஒரே வாரத்தில் போய்விடும். அதே நிறம் வேண்டும் என்று நர்சரி நர்சரியாக அலைய வேண்டியிருக்கும்.

அதற்காகத்தான் இந்த இழை. நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்று. விதை எடுப்பதற்கு முன்னால் அந்தக் காய் தன் விதையை எப்படி வெளியே அனுப்புகிறது என்று நின்று பாருங்கள். வெடிக்கிறதா, பறக்கிறதா, காலடியில் உதிர்கிறதா, பறவை தின்றுவிட்டுப் போகிறதா? எப்போது பறிப்பது, எப்படி முளைக்க வைப்பது என்ற இரண்டுக்கும் பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும்.

கனகாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பூ உதிர்ந்த கதிரில் செதில்களுக்கு நடுவே சின்னச் சின்னக் காய்கள் ஒளிந்திருக்கும். ஒரு காயில் நாலு விதை. கதிர் பழுப்பாகிக் காய்ந்தாலும் காய் வெடிக்காது, அப்படியே இறுக்கமாகக் காத்திருக்கும். மழைத்துளி பட்டதும் டப்பென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும். ஈரம் இருக்கும் நேரத்தில்தான் குழந்தையை வெளியே அனுப்புகிறது. சின்ன வயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்க வைத்தவர்களுக்கு இது புரியும், இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே மழைக்கு முன்னால், வெயில் ஏறிப் பனி ஈரம் போன பிறகு காய்ந்த கதிரை நறுக்குங்கள். ஒரு பாத்திரத்தில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, மேலே மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள். சற்று நேரத்தில் உள்ளே பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும். விதைகள் துணியில் மோதி விழும். ஈரம் பட்ட விதையைக் கவனித்துப் பாருங்கள், ஓரத்துச் செதில்கள் விரிந்து வழவழவென்று ஒட்டும். மண்ணில் விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. அதனால் ஆழமாகப் புதைக்காதீர்கள். மேலாக விதைத்து ஒரு பிடி மணலைத் தூவினால் போதும்.

எடுத்த விதையை அந்தப் பருவத்திலேயே போட்டுவிடுங்கள். பழசானால் முளைப்பு சரியும் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

புதுமண் (கும்பகோணம்)

அண்ணா, எங்கள் வீட்டில் இருப்பது டெல்லி கனகாம்பரம். கதிரை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தும் விதையே இல்லை. நான் தவறான நேரத்தில் பார்க்கிறேனா?

வேலியோரம் (திண்டுக்கல்)

நேரத்தில் தவறில்லை தம்பி. டெல்லி ரகம் மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்று. விதை கட்டும்போது அது சமமாகப் பிரியாது, அதனால் விதை பிடிக்காது. அதை நுனித்தண்டு வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். எங்கள் பக்கம் பூவுக்காகப் போடுகிறவர்களும் குச்சிதான் வைக்கிறார்கள். விதை வேண்டுமென்றால் சாதாரண ஆரஞ்சு ரகத்தைத் தேடுங்கள்.

இந்த இழைக்கு வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குண்டுமல்லி, அடுக்கு நந்தியாவட்டை, வீட்டு வாசலில் நிற்கும் சிவப்புச் செம்பருத்தி, இவற்றில் விதைக்காகக் காத்திருக்க வேண்டாம். காய் பிடிப்பதே அபூர்வம். பதியன் போடுங்கள், குச்சி வையுங்கள்.

புதுமண் (கும்பகோணம்)

நன்றி அண்ணா. இன்னொரு கேள்வி. சங்குப்பூ விதை ஒரு பாக்கெட் ஆன்லைனில் வாங்கிப் போட்டேன். ஒன்றிரண்டு வந்தது, மீதி மண்ணில் அப்படியே கல்லு மாதிரி கிடக்கிறது. கடைக்காரர் பழைய விதை கொடுத்துவிட்டாரா?

மாடிக்கொடி (திருச்சி)

அழுகாமல் கல்லு மாதிரி கிடந்தால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். செத்த விதை ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சங்குப்பூவின் மேல்தோல் தண்ணீரையே உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் செத்துப்போகக் கூடாது என்று, தோல் தேயத் தேய ஒவ்வொன்றாக முளைக்கும். காட்டில் அந்தக் குணம் வேண்டும். தொட்டியில் நாம்தான் தோலைத் திறந்துவிட வேண்டும்.

கிடக்கிற விதையைப் பொறுக்கிக் கழுவுங்கள். விதையின் ஒரு பக்கத்தில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் துளியூண்டு சீவுங்கள். உள்ளே வெளிர் நிறம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். தழும்புப் பக்கம் தொடாதீர்கள், வேர் வரும் முனை அங்கேதான். ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் இரட்டிப்பாக உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி சீவிப் போடுங்கள்.

கொடிப்பந்தல் (மதுரை)

ஒரு கைப்பிடி விதையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகவெட்டியால் சீவ முடியாது. கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி அப்படியே ஆறவிட்டால் போதும். ராத்திரி முழுக்க அதிலேயே ஊறட்டும். கொன்றை, அவுரி எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்கிறோம். இதில் நாலில் மூன்று பங்கு ஊறிவிடும், போதாதா?

வேலியோரம் (திண்டுக்கல்)

நிறைய இருந்தால் சரி. பத்து விதைதான் கையில் இருக்கிறது, அதுவும் அடுக்குச் சங்குப்பூ என்றால் நான் வெந்நீர் ஊற்றமாட்டேன். ஏற்கெனவே தோல் மெலிந்த விதையும் அதில் இருக்கும், அது வெந்துபோகும். அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது கூடவே கூடாது.

சங்குப்பூ பறிக்கும் நேரமும் முக்கியம். காய் வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரவேண்டும். இன்னும் இரண்டு நாள் விட்டால் வெயிலில் காய் பிளந்து தோல் முறுக்கிக்கொள்ளும், விதை தெறித்துவிடும். பச்சையாகப் பறித்த காயிலிருந்து எடுத்த விதை சுருங்கித்தான் போகும்.

அடுக்குப் பூ விதையில் அடுக்கே வருமா என்று பலர் கேட்கிறார்கள். சங்குப்பூ பெரும்பாலும் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி. அதனால் தாய் மாதிரியே வரும் வாய்ப்பு அதிகம்.

மாடிக்கொடி (திருச்சி)

அந்திமந்தாரையில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. மிளகு மாதிரி கறுப்பாகக் காலடியில் உதிர்ந்து கிடக்கும், பொறுக்கிப் போட்டால் வெறுமனே முளைக்கும். முளைப்பதில் ஒரு சிரமமும் இல்லை, நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பின் விதையைப் போட்டால் நாலில் ஒன்று சிவப்பு, இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. ஜெர்மனியில் கார்ல் காரன்ஸ் இந்தச் செடியில் பார்த்ததுதான் இன்றைக்கும் பிளஸ் டூ தாவரவியலில் பாடமாக இருக்கிறது. 1900இல் மெண்டலின் விதிகளை மறுபடி வெளிக்கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். 1909இல் இதே அந்திமந்தாரையில் பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள செடிகளை வைத்து, இலை நிறம் மகரந்தம் தந்த செடியைப் பொறுத்ததல்ல, தாய்ச்செடியின் எந்தக் கிளையில் விதை பிடித்தது என்பதைப் பொறுத்தது என்று காட்டினார். வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றாகவே வந்து, பச்சையம் இல்லாமல் செத்துப்போகும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு இளஞ்சிவப்புச் செடியின் விதையை எடுத்து வைத்து அடுத்த வருடம் நிறத்தை எண்ணச் சொல்லுங்கள். அந்த விதையும் கிழங்கும் நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நிறம் மாறாமல் வேண்டுமென்றால் கிழங்கைத் தோண்டி வையுங்கள்.

பனிநாட்டுத் தோட்டம் (ஸ்காபரோ, கனடா)

எல்லாருக்கும் வணக்கம். உங்களுடைய இழையை முழுக்க வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அங்கே நித்தியகல்யாணி தானாக விழுந்து தானாக முளைக்கும். இங்கே வந்து முதன்முதலில் இந்த நாட்டுப் பூச்செடி விதைகளை வீட்டுக்குள் சூடாக வைத்தால் ஒன்றும் எழும்பாது என்று அயலிலிருந்த கனடியப் பெண்மணிதான் சொல்லித் தந்தா.

இங்கத்தைய பல்லாண்டுப் பூக்கள், எக்கினேசியா, கொலம்பைன், மில்க்வீட் எல்லாம் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் விதை சிந்தும். அப்பவே முளைத்தால் வாற பனியில் செத்துப்போகும். அதனால் குளிரையும் ஈரத்தையும் ஒரு காலம் அனுபவித்த பிறகுதான் விதை கண் திறக்கும். ஈர மணலில் கலந்து பிளாஸ்டிக் பையில் போட்டு பிரிட்ஜில் ஒரு மாதமாவது வைக்கவேணும். உறையவிடுகிற தட்டில் வைக்கிறதில்லை, கீழ்த்தட்டில். உலர்ந்த விதையைக் குளிரில் வைக்கிறதால் இந்த வேலை நடக்காது, ஈரம் கட்டாயம்.

எனக்கு அதைவிடச் சுகமான வழி ஒன்று உண்டு. பால் வருகிற பிளாஸ்டிக் கலனை இடுப்பில் வெட்டி, அடியில் துளை போட்டு, மண் நிரப்பி விதைத்து, மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஒட்டி, ஜனவரியில் வெளியே ஸ்நோவுக்குள்ளேயே வைத்துவிடுவேன். ஏப்ரல், மே மாதத்தில் தானாக முளைக்கும். கொலம்பைனுக்கு வெளிச்சம் வேணும், மண்ணால் மூடக்கூடாது. மில்க்வீட் காயை எப்ப பறிக்கிறதென்றால், நடுப் பொருத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கோ. தானாகப் பிரிந்து உள்ளே விதை மண்ணிறமாக இருந்தால் பறிக்கலாம். வெள்ளையாக இருந்தால் விடவேணும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்கிற ஒரே இனம் இதுதான் என்கிறதால் இப்ப இங்கே நிறையப் பேர் வளர்க்கினம்.

எனக்கு ஒரு கேள்வி. கார்த்திகைப்பூ ஒன்று தொட்டியில் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். பூக்குது, காய்க்கிறதில்லை. ஏன்?

கண்வலிக்காடு (மூலனூர்)

அக்கா, நீங்கள் சொல்லும் கார்த்திகைப்பூதான் செங்காந்தள், நாங்கள் அதைப் போடுகிறவர்கள். எங்கள் ஊரில் கண்வலி என்றுதான் சொல்வோம். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் விதைக்காகவே பந்தல் போட்டுச் சாகுபடி. கோல்ச்சிசின் மருந்து எடுப்பதற்கு விதை வெளிநாட்டுக்குப் போகிறது.

உங்கள் பூவை அருகில் வைத்துப் பாருங்கள். சூலகத்திலிருந்து வருகிற தண்டு நேராக வராமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப் பைகள் வேறு பக்கம். இதழோ மேல்நோக்கி வளைந்துவிட்டது. பூச்சி வந்து தொட்டால்தான் உண்டு. வீட்டுக்குள் பூச்சிக்கு எங்கே போவது? எங்கள் காட்டிலேயே பூச்சியை நம்பி விடுவதில்லை. பூக்கிற காலம் முழுக்கக் காலையில் ஆட்கள் இறங்கி ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் தண்டு நுனியில் தொட்டுவைப்பார்கள். வெயில் ஏறினால் பயனில்லை. நீங்களும் ஒரு மெல்லிய தூரிகையால் காலையில் செய்து பாருங்கள். இரண்டு செடி இருந்தால் இன்னும் நல்லது.

காய் கரும்பச்சையிலிருந்து வெளிறி மஞ்சள் தட்டி, தோல் சுருங்கும்போது பறித்து நிழலில் காயவைக்கிறோம். தானே பிளக்கும், உள்ளே சிவப்பு விதை.

அதை முளைக்க வைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். முளைத்த வருடம் புல் மாதிரி ஓர் இலை, அடியில் சுண்டு கிழங்கு. கோடையில் காய்ந்து, அடுத்த மழைக்கு மறுபடி வரும். பூவைப் பார்க்க மூன்று, நாலு வருடம். அதனால்தான் விதை வியாபாரத்துக்கு, நடுவதற்குக் கிழங்கு என்று இருக்கிறது. கிழங்கு இரண்டு கவையாக இருக்கும், கவை நுனியில்தான் முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கவை வீண். கிழங்கோ விதையோ, கையுறை போட்டுத் தொடுங்கள், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உயிரை எடுக்கும் நஞ்சு. சமையலறையில் காயவைக்கவே வைக்காதீர்கள்.

பனிநாட்டுத் தோட்டம் (ஸ்காபரோ, கனடா)

மெத்தப் பெரிய உதவி தம்பி. கையுறை விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கினம், தொட்டியை மேல்மாடிக்கு மாற்றிவிட்டேன்.

கொடிப்பந்தல் (மதுரை)

அடீனியம் பற்றி யாரும் எழுதவில்லையே. காய் இரண்டு கொம்பு மாதிரி வரும், முற்ற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பிளந்தால் போச்சு. விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு, காற்றில் போய்விடும். கொம்பு வெளிறத் தொடங்கியதும் நூலால் மூன்று இடத்தில் சுற்றிக் கட்டுங்கள், அல்லது வெங்காயம் வரும் வலைப்பையை மாட்டிவிடுங்கள். பறக்கும் விதை பெரும்பாலும் காத்திருக்காது, புதிதாகப் போட்டால் ஒரு வாரத்திலேயே முளைக்கும். படுக்கவைத்து மேலே லேசாக மணல், அவ்வளவுதான். விதையில் வந்த செடிக்குத்தான் அடி பருத்து அழகாக வரும், குச்சியில் வைத்ததற்கு அப்படி வராது. ஆனால் பூ தாயைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அதற்கு ஒட்டுதான்.

மிதக்கிற விதை பதர் என்று எல்லா விதையையும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கவிட்டு நெல் தேர்வு செய்வது நெல்லுக்குச் சரி. பஞ்சு வைத்த அடீனியம், செதில் வைத்த கனகாம்பரம் எல்லாம் நல்ல விதையே மிதக்கும். அதற்குப் பதில் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டிவைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். அதுதான் நம்பகமான சோதனை.

புதுமண் (கும்பகோணம்)

நித்தியகல்யாணி நாற்று முளைத்து இரண்டு இலை விட்டதும் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுகிறது. நான் போடுவது கோகோபீட், தென்னை நார்த்தூள். அதில்தான் கோளாறா?

மாடிக்கொடி (திருச்சி)

கோகோபீட்டைக் கழுவிப் போட்டீர்களா என்று பாருங்கள். கழுவாததில் உப்பு இருக்கும். ஆனால் நீங்கள் சொல்வது நாற்றழுகல், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். நான் நித்தியகல்யாணிக்கு கோகோபீட்டே சேர்ப்பதில்லை. செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலை கொஞ்சம். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்வதுதான் அதற்குப் பிடிக்கும்.

விதையை அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடுங்கள், முளைக்கும்வரை இதற்கு இருட்டு வேண்டும். தட்டின் மேல் செய்தித்தாள் போட்டுவைத்தால் போதும். முளை தெரிந்த அன்றே எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். அப்புறம் மேலே தெளிக்காமல், தட்டை அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சைத் தூள் கிடைத்தால் விதையோடு கலந்து போடுங்கள். வேளாண்துறைப் பரிந்துரை கிலோ விதைக்கு 4 கிராம், வீட்டுக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

இதன் காய் இரண்டிரண்டாக மெல்லிசாக நிற்கும். பச்சை மாறி மஞ்சளடிக்கும்போது பறித்துக் காகிதக் கவரில் போட்டால் உள்ளேயே பிளந்து கறுப்பு விதை உதிரும். ஒரு நாள் தாமதித்தாலும் எறும்புக்குத்தான்.

வேலியோரம் (திண்டுக்கல்)

சேமிப்பது பற்றியும் எழுதிவிடுகிறேன். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் கொடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பு. வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பு. ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள விதைக்குத்தான் இது பொருந்தும். நம் ஊரில் பிரிட்ஜைவிட முதலில் காயவைப்பதுதான் முக்கியம். நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். சாம்பல் ஈரத்தையும் இழுக்கும், சங்குப்பூ விதையில் துளைபோடும் வண்டையும் தடுக்கும். பிரிட்ஜில் வைத்தால் டப்பாவை எடுத்தவுடன் திறக்காதீர்கள். வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே வியர்க்காது.

தோல் கடினமான விதை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குத் தாமரையைச் சொல்ல வேண்டும். வடகிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஒரு ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை, கிட்டத்தட்ட 1300 வருடம் பழசு, முளைத்தது. 1995இல் ஜேன் ஷென்-மில்லரும் உடன் ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். தாமரை விதையைக் கூர்முனையில் தேய்க்காமல் குழிந்த முனையில் உப்புத்தாளால் தேய்த்துத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். கல்வாழையும் அதே மாதிரிதான். குண்டு மாதிரி கறுப்பு விதை, வெள்ளை தெரியும்வரை தேய்த்து வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள்.

செண்பகம் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. சிவப்புச் சதையோடு தொங்கும் விதையைப் பறவை எடுத்துப்போய்த் தின்றுவிட்டு எச்சத்தில் போடுகிறது, காயவே நேரமில்லை. நாமும் சதையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உடனே விதைக்க வேண்டும். காயவைத்து டப்பாவில் வைத்தால் சில வாரத்தில் முளைப்பு போய்விடும். விதைக்கன்று பூக்கப் பல வருடம் ஆகும் என்பதால் அவசரப்படுகிறவர்கள் ஒட்டுக்கன்று வாங்குவதே மேல்.

புதுமண் (கும்பகோணம்)

பனிநாட்டு அக்கா, அந்தக் கொலம்பைன் விதை கொஞ்சம் தபாலில் அனுப்ப முடியுமா? ஆசையாக இருக்கிறது.

பனிநாட்டுத் தோட்டம் (ஸ்காபரோ, கனடா)

அனுப்பமாட்டேன் ராசா, கோவிக்காதேங்கோ. நாடு விட்டு நாடு விதை அனுப்ப இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேணும். சும்மா கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் விதையோடு நோயும் வந்துவிடும். அதோடு கும்பகோணத்து வெயிலில் கொலம்பைன் நிற்காது. உங்கட ஊருக்குள்ளேயே எத்தனை பூ இருக்குது.

கண்வலிக்காடு (மூலனூர்)

தமிழ்நாட்டுக்குள் மாற்றிக்கொள்வதற்கு நான் தயார். ஆரஞ்சு கனகாம்பரம், நீல அடுக்குச் சங்குப்பூ இரண்டும் இருக்கிறது. பவழமல்லி விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். காய் தட்டையாக, காய்ந்த இலை நிறத்தில் மரத்திலேயே தொங்கும், ஒரு காயில் இரண்டு விதை. கவர்மேல் பூ நிறமும் பறித்த மாதமும் எழுதி அனுப்புங்கள், அது இல்லாமல் வந்தால் நடுவதற்கு மனசு வராது.

புதுமண் (கும்பகோணம்)

பவழமல்லி எங்கள் தெருவிலேயே நிற்கிறது, காய் எடுத்து அனுப்புகிறேன் அண்ணா. சங்குப்பூவைச் சீவி ஊறப்போட்டேன், உப்பி, சிலவற்றில் வெள்ளையாக வேர் முனை எட்டிப் பார்க்கிறது. வேர்ப்பக்கம் கீழே வருகிற மாதிரி நடவேண்டுமா?

மாடிக்கொடி (திருச்சி)

படுக்கவைத்தே நடலாம், வேர் தானே கீழே திரும்பிக்கொள்ளும். ஒடியாமல் இருக்க ஸ்பூனால் எடுத்து வையுங்கள். ஒரு விரல்கணு ஆழம் போதும். நாற்றுத் தட்டில் போடாமல் நிரந்தரமாக நிற்கப்போகும் தொட்டியிலேயே போட்டுவிடுங்கள், பிடுங்கி நடுவது சங்குப்பூவின் வேருக்கு ஒத்துவராது. கொடி ஏறுவதற்கான குச்சியையும் இன்றைக்கே ஊன்றிவிடுங்கள். வளர்ந்தபின் ஊன்றினால் வேர் அறுபடும்.